ஆக்டிங் டிரைவருக்கு வந்த அபராதம்

"காலையில எட்டு மணிக்கு ஆக்டிங் வந்துடும். நீ குளிச்சு ரெடியா இரு" என்றாள் விமலா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்லாந்திலிருந்து வந்து இறங்கி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. படூரில் அவள் வீட்டு ஒன்பதாவது மாடி பால்கனியில் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறேன். எந்த நடிகரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள்? வாய்விட்டுக் கேட்டும் விட்டேன். விமலா சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்கள், ஓட்ட நேரமோ தெம்போ இல்லாத நாளில் தினக்கூலிக்கு ஓட்டுநரை அமர்த்திக்கொள்கிறார்கள். அவருக்குப் பேர் ஆக்டிங் டிரைவர். பேச்சில் டிரைவர் உதிர்ந்துபோய் ஆக்டிங் மட்டும் நிற்கிறது. அதுவும் "வந்துடுவார்" கிடையாது, "வந்துடும்". காஸ் சிலிண்டர் வருகிற மாதிரி. நான் திருச்சிக்காரி. இருபத்து மூன்று வருடத்தில் தமிழ் இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைக்கவில்லை.

வந்த வேலை சின்னது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அந்தக் காலத்தில் செங்கல்பட்டில் பதிவுத் திருமணம் நடந்தது. இரண்டு வீட்டிலும் சம்மதமில்லாத கல்யாணம், விமலாதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள். இப்போது பின்லாந்துப் பென்ஷன் ஆபீஸ், அந்தச் சான்றிதழின் புதுப் பிரதி வேண்டும் என்கிறது. என் பெயருக்கு முன்னால் இருந்த இனிஷியல், அதாவது அப்பா பெயர், அங்கே குடும்பப் பெயராகி, அப்பாவும் நானும் ஒரே ஆளாகிவிட்டோம். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இவ்வளவு தூரம்.

மறுநாள் எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏகாம்பரம் வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வீடு. சட்டைப் பையில் சீப்பு, நெற்றியில் திருமண். "நாஸ்தா ஆயிட்ச்சா மேடம்? போற வழில நல்ல வடகறி கீது" என்றார். கீழே போவதற்குள் மேடம் போய் அக்கா வந்துவிட்டது. எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

நேரே செங்கல்பட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான்தான் கடல் பார்க்க வேண்டும் என்றேன். பார்த்தேன். பார்த்ததும் பசித்தது. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரக் கடையில் சங்கரா மீன் குழம்பும் நெத்திலி வறுவலும் சாப்பிட உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை. பின்லாந்தில் மீனுக்குக் குறைச்சலில்லை. ஆனால் அங்கே மீனை வேகவைத்து, மேலே சோம்புக் கீரையைத் தூவி, பத்தியச் சாப்பாடு மாதிரி நீட்டுவார்கள். இங்கே குழம்பின் முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு தட்டு சோறு வாங்கினேன். ஏகாம்பரம் இரண்டு முறை வந்து, "க்கா, ஆபீஸுல மூணு மணிக்கு மேல மனு வாங்க மாட்டான்" என்றார். "போகலாம் தம்பி, இருங்க" என்று இளநீருக்கும் சொன்னேன்.

காரில் ஏறியபோது மணி இரண்டு பத்து. அப்போதுதான் மூன்று மணிக் கெடு உறைத்தது. ஏகாம்பரமோ அறுபதைத் தாண்டவில்லை. ரோடு காலியாகக் கிடக்கிறது, ஓரத்தில் சவுக்குத் தோப்பு, ஆடுகூடக் குறுக்கே வரவில்லை.

"தம்பி, இது மாட்டு வண்டியா? கொஞ்சம் அழுத்துங்க."

"கேமரா கீதுக்கா."

"இருக்கட்டும். ஃபைன் வந்தா நான் கட்டிக்கறேன். அழுத்துங்க."

கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அழுத்தினார். கொஞ்ச தூரத்தில் ரோட்டுக்கு மேலே கம்பத்தில் ஏதோ வெள்ளையாக மின்னி அணைந்தது. "எட்த்துட்டான்" என்றார் ஏகாம்பரம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூச்சிரைக்க மனுவைக் கொடுத்தேன். எழுத்தர் நிதானமாக வாங்கி, ஒரு கட்டின்மேல் வைத்தார். "பழைய பதிவேடும்மா, தேடி எடுக்கணும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. பின்லாந்தில் நான் ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்துக்குப் பொறுப்பாளர். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஒருநாள் கண்டபடி வேகமாக ஓட்டிப் பிடிபட்டேன். இளம் போலீஸ்காரர், கன்னம் சிவந்த பையன், தன் போனைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "அம்மா, உங்கள் மாத வருமானம் இதுதானே? ஒரு குழந்தைதானே?" எனக்கு மயக்கமே வந்துவிட்டது. அங்கே கொஞ்சம் வேகம் என்றால் எல்லோருக்கும் ஒரே தொகை. அதிக வேகம் என்றால் வருமானத்தை வைத்து அபராதம். எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளம் போனது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் அதே ரோட்டில் அதே மாதிரி மாட்டினார். அவர் கட்டியதில் நான் ஒரு பழைய கார் வாங்கியிருப்பேன்.

ஏகாம்பரம் வண்டியை ஓரங்கட்டியே விட்டார்.

"இன்னாக்கா சொல்ற! பணக்காரனுக்கு ஜாஸ்தி, ஏழைக்குக் கம்மியா?"

"ஆமா. வலி எல்லாருக்கும் ஒரே அளவா இருக்கணும்னு."

"அப்ப என்னாண்ட இன்னா வாங்குவான்? ஒரு டீ வாங்கிக் குடுத்தா வுட்ருவானா?" தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இங்க ஆளுக்கு ரேட்டு கெடயாதுக்கா. வண்டிக்குத்தான் ரேட்டு. காருக்கு ஒண்ணு, லாரிக்கு ஒண்ணு. மொத தபா ஒண்ணு, மறுபடியும் மாட்னா வேற. பைக்ல போற பசங்க நம்பர் பிளேட்ட மேலாக்க மடிச்சி வுட்டுகினு போறான் பாரு, அவனுக்கு ஒண்ணியுமே கெடயாது."

"உங்க பேருக்கு எப்படி வரும்?"

"வராது. வண்டி யார் பேர்ல கீதோ அவுருக்குத்தான் மெசேஜ் போவும். நான் ஆக்டிங் தான?"

இது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஓட்டியவர் ஒருவர், பேர் இன்னொருவருக்கா? ஏகாம்பரத்துக்கு அதில் வியப்பே இல்லை. அவருக்கு வேறொரு சந்தோஷம் இருந்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்ட அவரை எடுத்திருக்கிறார்கள். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், கண் பரிசோதனை முடிந்தது, லைசென்ஸ் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது.

"பத்தொம்பது வர்சமா ஆக்டிங்க்கா. காலைல போன் வந்தாத்தான் அன்னிக்கு சோறு. ஒண்ணாந்தேதிலேர்ந்து பர்மனென்ட். பி.எஃப். கீது, ஈ.எஸ்.ஐ. கீது, தீவாளிக்கு போனஸு கீது." ஒவ்வொன்றையும் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். மனதார.

அடுத்த நாள் ஊர் சுற்றவில்லை. வெயில் என்னைப் படுக்கையில் தள்ளிவிட்டது. அதற்கும் மறுநாள் காலை, விமலா செட் தோசையும் வடகறியும் வரவழைத்திருந்தாள். வடகறி என்ற பதார்த்தத்தைக் கண்டுபிடித்தவர் கையில் தங்க வளையல் போடலாம். இரண்டாவது தோசையைப் பிய்க்கும்போது விமலாவின் கணவர் ரகு, "அட, மறுபடியுமா!" என்று போனைப் பார்த்து முகம் சுளித்தார். சிறுசேரியில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். கார் அவர் பெயரில்தான்.

"போன தடவை வந்த ஆக்டிங் ரெண்டு ஃபைன் வாங்கி வெச்சுட்டுப் போனான். இது மூணாவது. என் லைசென்ஸுக்கே நோட்டீஸ் வந்துடும்."

"ஓட்டினது நீங்க இல்லையே. அந்த ஆக்டிங் பேரைப் போட்டுவிடுங்க" என்றாள் விமலா, எனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே.

போட்டுவிட்டார். ஏகாம்பரத்தின் லைசென்ஸ் படம் வாட்ஸாப்பில் இருந்தது. வேலைக்குக் கூப்பிடும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அபராதம் கட்டும் இணையதளத்தில், வண்டியை ஓட்டியவர் வேறு என்று ஒரு இடத்தில் தட்டி, படத்தை ஏற்றி, எண்ணை அடித்து முடித்தார். என் தோசை ஆறவில்லை. கெட்ட மனிதர் இல்லை ரகு. நேற்று என் தலைவலிக்கு மாத்திரை வாங்க அவரேதான் இறங்கிப் போனார். உண்மையையும்தான் எழுதினார். ஓட்டியது ஏகாம்பரம். பின்லாந்தில் எத்தனை பேரிடம் நான் இதையே பேசியிருக்கிறேன், ஓட்டினவர்தான் பொறுப்பு என்று!

ஆனாலும் வாக்குக் கொடுத்தவள் ஆயிற்றே. "ஃபைன் நான் கட்டறேன்" என்று பிடிவாதமாக ரகுவின் போனை வாங்கி, அங்கேயே ஏகாம்பரத்தின் பெயரில் கட்டினேன். ஆயிரம் ரூபாய். நானும் அவரும் தின்ற மீனும் இளநீரும் அதைவிட அதிகம் ஆகியிருந்தது. இவ்வளவுதானா என்று சிரிப்புக்கூட வந்தது. ரசீதை ஏகாம்பரத்துக்கு அனுப்பினேன். இரண்டு கும்பிடு பொம்மை பதிலாக வந்தது.

அப்புறம் ஒரு வாரம் நன்றாகத்தான் போனது. ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கம் போய்ச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தேன். அந்த ஆட்டோ, நடுரோட்டில் டயர் வெடித்து நின்றது. எட்டு பேரும் இறங்கி, ஒருவரும் முணுமுணுக்காமல் அடுத்த ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள். நான் மட்டும் நியாயம் பேசிக்கொண்டு நின்று, வெயிலில் வெந்தேன். "இன்னா ஆன்ட்டி, டயரு சொல்லிட்டா வெடிக்கும்?" என்று டிரைவர் கேட்டார்.

சான்றிதழ் வாங்கப் போகும் நாளுக்கு முந்தின நாள், கூப்பிடாமலே ஏகாம்பரம் வந்து கீழே செக்யூரிட்டியிடம் நின்றார். கையில் ஒரு கடிதம். போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்தது. அதிவேகமாக ஓட்டியதற்கு லைசென்ஸை ஏன் தற்காலிகமாக ரத்து செய்யக்கூடாது, நேரில் வந்து விளக்கம் சொல்லவும் என்றிருந்தது.

"அதான் கட்டியாச்சே!" என்று கத்தினேன். செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார்.

ஏகாம்பரம் குரலை உயர்த்தவில்லை. "அதான்க்கா பேஜாரு. கட்னா குத்தத்த ஒத்துகினேன்னு அர்த்தமாம். எங்க பக்கத்துல ஒரு வக்கீல் கீறாரு, அவுராண்ட கேட்டேன். கட்டாம கீறச்சொல்ல போயி பேசியிருக்கலாமாம்."

நல்லது செய்கிறேன் என்று, அந்த மனிதர் சார்பில் அவரைக் கேட்காமலே குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறேன். ரசீதை வேறு பெருமையாக அனுப்பியிருக்கிறேன். மேலே போய் ரகுவிடம் சொன்னேன். "ஐயையோ, பாவம்" என்றார் உண்மையான வருத்தத்துடன். "எனக்கு வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. ஆபீஸ் கேப்லதானே போறேன்." சொன்னபிறகுதான் அவருக்கே அது எப்படிக் கேட்டதென்று தெரிந்தது. எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் செங்கல்பட்டில் முதலில் என் சான்றிதழ். கையில் வாங்கினேன். எழுத்துப்பிழைகூட இல்லை. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏகாம்பரத்தோடு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். காத்திருக்கும் பெஞ்சில் அவர் சீப்பை எடுத்துத் தலை வாரினார், மறுபடி வாரினார்.

அதிகாரி ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கோபமில்லாத முகம்.

"ஓட்டினது நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"பணம் கட்டியிருக்கீங்க."

"அது வந்து..."

"நான் கட்டினேன்" என்று எழுந்தேன். "வேகமாப் போகச் சொன்னதும் நான்தான். அவர் மாட்டேன்னார். நான்தான் விரட்டினேன். என்னை எழுதிக்கோங்க, எனக்குப் போடுங்க தண்டனை."

அந்த அம்மா காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "எங்கம்மா எழுதறது? நீங்களே பாருங்க. வண்டி நம்பர், உரிமையாளர், ஓட்டினவர். ஏறி உட்கார்ந்து வந்தவங்களுக்கு இதுல கட்டமே இல்லையே."

பார்த்தேன். இல்லைதான்.

"மேடம், ஒண்ணாந்தேதி வேலைல சேரணும்" என்றார் ஏகாம்பரம். அதுவரை கேட்காத ஒரு குரல். "பத்தொம்பது வர்சத்துல ஒரு கேஸு கெடயாது. ஒரு மாசமா கொறச்சிக்கங்க மேடம்."

"மூணு மாசம் சஸ்பெண்டுதாம்பா. என் கையில இல்ல. மேல்முறையீடு பண்ணலாம், முப்பது நாள் டைம் இருக்கு."

ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. ஏகாம்பரம் பர்ஸைத் திறந்து லைசென்ஸை எடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் சட்டையில் ஒருமுறை துடைத்தார். பின்லாந்து, பல் டாக்டர், எல்லோருக்கும் ஒரே அளவு வலி என்று அன்று காரில் எவ்வளவு ஜம்பமாகப் பேசினேன். அதே கார், அதே வேகம், அதே கேமரா. எனக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ரகுவுக்கு அதுவும் இல்லை. இவருக்குப் பிழைப்பே போகிறது. அநியாயம் என்று கத்தலாம் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? செய்தவள் நான்.

வெளியே வந்து ரகுவின் கார்க் கதவைத் திறந்தவர், சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "நான் ஓட்டக் கூடாதில்ல" என்றார். நெருப்பைத் தொட்டவர் மாதிரி சாவியை என்னிடம் நீட்டினார். பின்லாந்திலிருந்து கிளம்பும்போது எடுத்த சர்வதேச அனுமதி என்னிடம் இருந்தது. செங்கல்பட்டு டிராஃபிக்கில் ஓட்டும் துணிச்சல்தான் இல்லை. ஆனாலும் ஏறினேன். அங்கே இண்டிகேட்டர் இடது கையில், இங்கே வலது கையில். ஒவ்வொரு திருப்பத்திலும் கொளுத்தும் வெயிலில் வைப்பர் ஆடியது. முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த பஸ், லாரி, டெம்போ எல்லாம் என் பரம்பரையைத் திட்டிக்கொண்டு போயின. ஏகாம்பரம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "லெப்ட்ல வாக்கா... இப்ப போ... அவன் போவட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வழியில் அவர் போன் அடித்தது. அந்தக் கம்பெனி சூப்பர்வைசர்.

"சார்... இல்ல சார். வரல சார். வேற எடத்துல கெடச்சிட்ச்சி. இல்ல சார், நல்ல சம்பளம். தேங்க்ஸ் சார்."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். "ஏன் பொய் சொல்றீங்க?"

"லைசென்ஸ் போயிட்ச்சின்னு சொன்னா அப்பறம் எப்பவுமே கூப்ட மாட்டான்க்கா. வேற வேல கெடச்சிட்ச்சின்னா, நாள பின்ன போயி நிக்கலாம்." கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "வூட்ல மட்டும் இன்னிக்கு சொல்லாத. நான் பொறுமையா சொல்லிக்கிறேன்."

அவர் வீடு இரண்டு அறை. வாசலில் அவர் மனைவி பரிமளா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் நானும் பக்கத்தில் தன் புருஷனுமாக வருவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாய்யா, பெரிய மன்சனாயிட்ட! வாங்கக்கா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். டீ போட்டார். போட்டுக்கொண்டே பேசினார். ஒன்றாம் தேதி மதியம் பிரியாணி, அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, நீங்கள் அதற்குள் ஊருக்குப் போய்விடுவீர்களே என்று. ஏகாம்பரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

என்னால் அந்த டீயை விழுங்க முடியவில்லை. அவர் கேட்டுக்கொண்டதுதான். இருந்தும் சொல்லிவிட்டேன். கடல், மீன் குழம்பு, மூன்று மணி, நான் விரட்டியது, நான் பணம் கட்டியது, மூன்று மாதம், எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது என் கன்னம் நனைந்திருந்தது. ஏகாம்பரம் தலையைத் தூக்கவில்லை.

பரிமளா அழவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மூணு மணிக்குள்ள போவணும்னு தான வெரட்டுன?"

"ஆமா."

"போவலன்னா இன்னா ஆயிருக்கும்?"

"மனு வாங்கியிருக்க மாட்டாங்க."

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மறுநாளு ஆபீஸு லீவாக்கா?"

"இல்ல" என்றேன். "தொறந்துதான் இருந்துச்சு."